தகுதி பெறாதவர்கள்

"நம்ம வீட்டுல காரு எங்க மக்கா கெடக்கு?" என்று அம்மை கேட்டபோது நான் காரைத் தாண்டி ஏசிக்கும் டிக் போட்டுவிட்டிருந்தேன்.

மழைக்காலம். தக்கலையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. டிகிரி முடித்துவிட்டு குரூப் 4க்குப் படிப்பதாகச் சொல்லி வீட்டில் இருக்கிறேன். நடுநடுவே போனில் சர்வே. ஒன்றுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய். நீளமானது என்றால் முப்பது. அதுவும் கையில் காசாக வராது, ரீசார்ஜாகவோ கூப்பனாகவோ வரும். அன்றைக்குச் சலவைத்தூள். அதில் நான் 38 வயதுப் பெண், வீட்டுச் சாமான் வாங்கும் முடிவு என்னுடையது, வாஷிங் மெஷின் உண்டு.

"சும்மா போடுகேன். உள்ளதச் சொன்னா வெளிய தள்ளீருவான்" என்றேன்.

இது அனுபவத்தில் கற்றது. எல்லா சர்வேயிலும் முதல் நாலைந்து கேள்விகள் வாசல்காவல். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பது வெட்டிப்பேச்சு இல்லை. இந்தியச் சந்தை ஆய்வுத்துறை 2011இல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு, பிறகு 11 பொருட்களில் எத்தனை வீட்டில் உண்டு என்ற கணக்கு, இவ்வளவுதான். மின் இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பில் தொடங்கி கார், ஏசி, விவசாய நிலம் வரை போகும் பட்டியல். இரண்டையும் சேர்த்தால் ஏ1 முதல் இ3 வரை 12 படிகளில் ஒன்றில் நம்மை உட்கார வைத்துவிடலாம். சாதிச் சான்றிதழுக்குக்கூட இதைவிட அதிகம் அலைய வேண்டும்.

பொய் சொல்வதில் எனக்கு உறுத்தல் இருக்கவில்லை. யாருக்கு நஷ்டம்? தீமை இல்லாத சொல்தான் வாய்மை என்று வள்ளுவரே வழிவிட்டிருக்கிறார். நிறுவனத்துக்கும் நம்மைத் தெரியும். "இந்தக் கேள்விக்கு 'ஓரளவு' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று நடுவில் பொறி வைப்பார்கள், வேகமாக முடித்தவனைக் கழித்துக்கட்டுவார்கள். அதையும் மீறி ஜெயித்தால் அது என் சாமர்த்தியம். தவிர, கேட்பவர்கள் மட்டும் யோக்கியமா? ஸ்பீக் ஏசியா கதை இணையத்தில் கிடக்கிறது. வருஷத்துக்கு 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு சர்வே, ஒன்றுக்கு 500 ரூபாய். ஆள் சேர்த்தால் தனிக் காசு. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2011இல் விஷயம் வெளியே வந்தபோது, வாடிக்கையாளர்கள் என்று காட்டப்பட்ட பெரிய கம்பெனிகள் எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றன. மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. அத்தனை பேர் சொன்ன கருத்தையும் யாரும் வாசிக்கக் காத்திருக்கவில்லை. கேள்வியே பொய் என்றால் பதில் மட்டும் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்?

இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன், அம்மை "நான் ஒருக்கா போடட்டா?" என்று கேட்கும்வரை.

அம்மை அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். முந்திரிப் பாலின் கறை அவள் விரலைவிட்டு முழுதாகப் போனதே இல்லை. அந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான் வாசித்துக் காட்டினேன். வயது 49, உள்ளது. படிப்பு எட்டாம் வகுப்பு, உள்ளது. பொருட்கள் வந்ததும் உற்சாகமாகிவிட்டாள். கரண்டு உண்டு, ஃபேன் உண்டு, கேஸ் உண்டு, டிவி உண்டு. "நாலு ஆச்சு பாத்தியா" என்றாள். அடுத்த திரை வந்தது: நன்றி, இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டனா மக்கா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. போனை என் கையில் தந்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எனக்கு அப்போதுதான் என் சர்வேயின் ஒரு கேள்வி ஞாபகம் வந்தது. விலையை ஏற்றாமல் பாக்கெட்டின் அளவை மட்டும் கொஞ்சம் குறைத்தால் தொடர்ந்து வாங்குவீர்களா? கார் வைத்திருக்கும் 38 வயதுப் பெண் யோசிக்கவே இல்லை. 'கண்டிப்பாக' என்று அழுத்திவிட்டாள். அம்மை வாங்குவது பத்து ரூபாய்ப் பாக்கெட். அது மெலிந்துகொண்டே வருவதைக் கையில் தூக்கியே கண்டுபிடித்து, கடைக்காரரிடம் சண்டை போடுகிறவள். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள். அவளை வாசலிலேயே நிறுத்தியது நான் இல்லை, அது கம்பெனியின் ஏற்பாடு. ஆனால் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது நான்தான். முப்பது ரூபாய்க்கு.

என் ஒரு டிக்கினால் பாக்கெட் சிறுத்துவிடும் என்று சொல்லவரவில்லை. அவ்வளவு செல்வாக்கு எனக்கில்லை. கான்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் கூடாது என்பார். கல்லூரியில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போதும் அந்த வாசல் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பொய்யின் சேதம் கேட்டவனோடு நிற்பதில்லை, சொல்லை நம்பி இருக்கும் எல்லாரையும் தொடுகிறது என்று அதில் வருவதை மட்டும் தள்ள முடியவில்லை. ஏமாந்தவன் கம்பெனிக்காரன் என்றே நினைத்திருந்தேன். அடுக்களையில் நிற்பவளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதற்காக உண்மை சொல்லத் தொடங்கினேனா? தொடங்கினேன். ஒரு வாரத்தில் பதினேழு ரூபாய் வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்த பரீட்சை இன்னும் வருமா?"

"வரும். ஏன்?"

"இந்த மட்டம் காரு உண்டுன்னு போடட்டா?"