கருவியும் ஒரு சாட்சிதான்

ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரை எடைபோடும்போது, அவருடைய நேர்மையை மட்டும் பார்த்து நம் இமாம்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கேட்டதைக் கேட்டபடி காத்துச் சொல்லும் திறன், அதாவது ளப்த்து, அவரிடம் உண்டா என்றும் சோதித்தார்கள். பொய்யே பேசாத ஸாலிஹான மனிதர்தான். ஆனால் நினைவு பிசகுகிறவர் என்றால் அவருடைய தனிச் சொல்லை ஆதாரமாகக் கொள்ளவில்லை. நோயாளியின் உயிரைப் பற்றிச் சாட்சி சொல்லும் கருவிகளை நாம் இப்படிச் சோதிக்கிறோமா?

விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்வோம். 2021 கொரோனா அலையில் நம் ஊர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட கருவி அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு பிராணவாயுவின் அளவைச் சொல்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. பெரிய நிஃமத்துதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஒளி தோலையும் கடந்தாக வேண்டும். தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை விழுங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளைத் தமனி ரத்தச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தாரிடம் 11.7 சதவீதம்.

இதைப் படித்தபோது இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் அவர்களே என் நினைவுக்கு வந்தார்கள். ஷாம் நாட்டவரிடமிருந்து அவர்கள் அறிவிப்பவை ஏற்கத்தக்கவை. ஹிஜாஸ்வாசிகளிடமிருந்து அறிவிப்பவை பலவீனமானவை என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் பிரித்துவைத்தார்கள். ஒரே மனிதர், ஓரிடத்தில் உறுதி, வேறிடத்தில் தளர்ச்சி. அவர்களை ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை.

கருவி விஷயத்தில் அந்தப் பிரிவினை ஏன் நடக்கவில்லை? இக்குறை தெரியாமலும் இல்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் 1990-லேயே இது கண்டறியப்பட்டு அச்சிலும் வந்தது. எனினும் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2013-ல் கொடுத்த வழிகாட்டுதல், குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அவர்களில் இருவர் கறுத்த நிறத்தாராக இருக்கட்டும் என்ற அளவில் நின்றது. அது எச்சரிக்கை விடுத்தது 2021-ல்தான்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவர் அதற்கு ஈடுசெய்யும் பொறுப்பாளி என்பது நம் சட்டம். கொடுத்த கருவியை நம்பி எண்ணைக் குறித்துக்கொண்ட இரவுநேர நர்ஸம்மாவின் மீது அப்பொறுப்பைச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. அறிந்தும் 30 ஆண்டுகள் வாளாவிருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் நோயாளி, "மூச்சு முட்டுகிறதே அம்மா" என்று சொல்லியும், "94 காட்டுகிறது, உமக்கு ஒன்றுமில்லை, படும்" என்று பதில் வந்தால் அது வேறு விஷயம். நோன்பை விடவும் தயம்மும் செய்யவும், தேர்ந்த மருத்துவரின் சொல்லோடு நோயாளியின் சொந்த அனுபவத்தையும் ஃபுகஹாக்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு சாட்சிகள் முரண்படுகின்றன. அப்போது மூன்றாவதாகத் தமனியிலிருந்து சிறிது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடமானால், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தை வைத்து எண்ணி, மருத்துவரை எழுப்ப வேண்டும்.