விளக்கு அணைஞ்சா போதுமா?

புது கார் எடுத்தா நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சு, கற்பூரம் காட்டி, "முருகா நீயே துணை"ன்னு சொல்லித்தான் வண்டியை நகர்த்துவோம். கண்ணாடியில வேல் ஸ்டிக்கர், டேஷ்போர்டு மேல குட்டி முருகன். அவருக்கு ஒரு சாண் கீழ, மீட்டர் பக்கத்துல மஞ்சளா ஒரு விளக்கு எரியும். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவுல ஆச்சரியக்குறி. கேட்டா, "அது அப்படித்தான் எரியும் ப்ரோ, முருகன் பாத்துப்பான்"னு பதில் வரும்.

இந்தப் பதில் மேலதான் எனக்குக் கேள்வி. எச்சரிக்கை கண் முன்னாடி எரியும்போது "அவன் பாத்துப்பான்"னு சொல்றது நம்பிக்கையா, இல்ல நம்ம வேலையை அவன் தலையில கட்டுறதா?

முதல்ல அந்த விளக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். பொதுவா சிவப்பு எரிஞ்சா பாதுகாப்பான இடத்துல உடனே நிறுத்தணும். மஞ்சள்னா ஓட்டலாம், ஆனா சீக்கிரம் பார்க்கணும். பச்சையும் நீலமும் சும்மா தகவல். சாவி போட்டதும் எல்லா விளக்கும் சில நொடி எரிஞ்சு அணையும். அது வண்டி தன்னைத்தானே சோதிச்சுக்கிறது. அந்த லாடம் இருக்கே, அது குறுக்கே வெட்டின டயரோட படம். காத்து குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் போல கண் சிமிட்டிட்டு அப்புறம் நிலையா எரிஞ்சா, கோளாறு டயர்ல இல்ல, காத்தை அளக்கிற சிஸ்டத்துலயே இருக்கு. "எனக்கே சரியா தெரியல, என்னை நம்பாதே"ன்னு அந்த மெஷின் சொல்லுது. மனுஷங்க வாயில இருந்து இது வர்றது ரொம்ப அபூர்வம்.

இதுக்குப் பேர் டிபிஎம்எஸ். அமெரிக்காவுல டயர் கிழிஞ்சு கார்கள் உருண்ட விபத்துகளுக்கு அப்புறம் 2000-ல சட்டம் வந்து, 2007 செப்டம்பர்ல இருந்து புது கார்களுக்குக் கட்டாயமாச்சு. அங்க விதி என்னன்னா, இருக்க வேண்டிய காத்துல 25 சதவீதம் குறைஞ்சா விளக்கு எரியணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கியிருந்தாலும் விளக்கு எரியாம இருக்கலாம். அதாவது விளக்கு எரியல என்பதும் காத்து சரியா இருக்கு என்பதும் ஒண்ணு இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இந்த சிஸ்டத்துக்கு எப்படித் தெரியுது என்பதுதான். ரெண்டு வகை உண்டு. ஒண்ணுல ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளயும் ஒரு சென்சார் இருந்து நேரடியா அழுத்தத்தை அளக்கும். இன்னொண்ணு காத்தை அளக்கவே அளக்காது. காத்து குறைஞ்ச டயர் கொஞ்சம் அமுங்கி, மத்ததை விட ஒரு துளி வேகமா சுத்தும். ஏபிஎஸ் சென்சார் வழியா அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு விளக்கைப் போடும். இதுல எளிய வகையில ஒரு ஓட்டை இருக்கு. நாலு டயரும் சேர்ந்து மெதுவா இறங்கினா வித்தியாசமே தெரியாது, விளக்கும் எரியாது. நம்ம ஃப்ரெண்ட்ஸ் கேங்ல எல்லாரும் ஹெல்மெட் போடாம போனா அது தப்பாவே தோணாது பாருங்க, அதே கதைதான்.

இதை விட ஆபத்தானது ரீசெட் பட்டன். காத்து நிரப்பினதுக்கு அப்புறம் "இதுதான் சரியான அளவு"ன்னு வண்டிக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அது இருக்கு. காத்து அடிக்காமலே அதை அமுக்கினா, குறைஞ்ச அளவையே சரின்னு அது எடுத்துக்கும். விளக்கு அணைஞ்சிடும், டயர் அப்படியேதான் இருக்கும். சாப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அலர்ட் அடிக்கடி வந்தா காரணத்தைத் தேடறதை விட மியூட் பண்றது சுலபம். மனசாட்சியையும் இப்படி ரீசெட் பண்ண முடியும்னு நினைக்கிறேன். முதல் தடவை உறுத்தும், நாலாவது தடவை அதுவே நார்மல்.

"என் வண்டி, என் ரிஸ்க்"னு ஒருத்தர் சொல்லலாம். அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். காத்து குறைஞ்ச டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துலயும் அதிகமா மடங்கி சூடாகும். ஃபுல் லோடு, ஹைவே வேகம், வெயில் காலத்துத் தார் ரோடு எல்லாம் சேர்ந்தா வெடிக்கலாம். தைப்பூச நேரத்துல திண்டுக்கல்ல இருந்து ஒட்டன்சத்திரம் வழியா பழனி போற ரோட்டுல ராத்திரி ஓட்டினவங்களுக்குத் தெரியும், ஓரம் முழுக்க பாதயாத்திரை போறவங்க. வெறுங்கால், தோள்ல பை, சில பேர் குழந்தையோட. அவங்க கண்ணுக்கு என் டேஷ்போர்டு தெரியாது. பின் சீட்டுல தூங்கிட்டு வர்ற அம்மாவுக்கும் தெரியாது. விளக்கு எரியுறது டிரைவர் ஒருத்தன் கண்ணுக்கு மட்டும்தான், ஆனா அது எல்லாருக்காகவும் எரியுது. பார்த்தவன் அவன் மட்டும் என்பதாலேயே பொறுப்பும் அவனுக்குத்தான். "முருகன் பாத்துப்பான்"னு அவன் சொல்லும்போது, கேட்காமலே அத்தனை பேர் சார்பாவும் முடிவு எடுத்திடறான்.

வழியில கிடக்கிற ஆணி, எதிர்ல தூக்கக் கலக்கத்துல வர்ற லாரி, இதெல்லாம் நம்ம கையில இல்ல. அதை அவன்கிட்ட விடலாம், நானும் விடறேன். காத்து அடிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு வேலவனைக் கூப்பிடறது எனக்குக் கூச்சமா இருக்கு.

எப்படிப் பார்க்கிறதுன்னா, டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன் டயருக்கு, பின் டயருக்கு, ஃபுல் லோடுக்குன்னு அளவு போட்டிருக்கும். டயர் மேலயே அச்சடிச்சிருக்கிறது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீங்க. வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கும்போது, டயர் ஆறின நிலையில அளக்கணும். ஓடி வந்த சூட்டுல அளவு ஏறித்தான் காட்டும். கூட இருக்கேன்னு அப்ப காத்தை இறக்கிடாதீங்க, ஆறினதும் குறைஞ்சு போயிடும். மாசம் ஒரு தடவையும், பழனி, திருச்செந்தூர்னு நீளமா கிளம்பறதுக்கு முன்னாடியும் பார்த்தா போதும்.

பங்க்ல காத்து பிடிக்கிற அண்ணன்கிட்ட நம்பரை நீங்களே சொல்லுங்க, சொல்லலைன்னா எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் அடிப்பாரு. அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் அடிக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் அதுக்கு சென்சார் கிடையாது.