வட்டியைக் கற்பதும் வட்டியை உண்பதும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து ஒருவர் சர்வதேச வங்கியியலையும் நிதியியலையும் முதுமாணி மட்டத்தில் கற்க முற்படும்போது, வட்டியை ஹராமாக்கிய மார்க்கத்தைச் சார்ந்தவர் வட்டியின் கணக்கையே பாடமாகப் பயிலலாமா என்ற வினா எழுகின்றது. அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 275ஆம் வசனம் வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கின்றது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழி, வட்டியை உண்பவரையும் கொடுப்பவரையும் மட்டுமன்றி, அதனை எழுதுபவரையும் அதற்குச் சாட்சி நிற்போரையும் சாபத்துக்குரியோராக்குகின்றது. எழுதுபவரும் குற்றத்தில் பங்காளியாயின், எழுதும் முறையைக் கற்பவரின் நிலை யாது என்பதே ஆராயத்தக்கது.

அந்த நபிமொழியின் கண்டனம், வட்டி உடன்படிக்கை நிறைவேறத் துணைபோகும் செயலைக் குறித்ததேயன்றி, அவ்வுடன்படிக்கை இயங்கும் விதத்தை அறிவதைக் குறித்ததன்று. இவ்வறிவு வட்டித் தொழிலுக்கே இட்டுச்செல்லும் என்று அஞ்சுவோர், தீமைக்கான வழியை முன்கூட்டியே அடைத்தல் எனப் பொருள்படும் ‘ஸத்துத் தராஇஃ’ என்ற சட்டக் கொள்கையை எடுத்துக்காட்டலாம். ஆயினும் அக்கொள்கை, விளையும் நன்மையிலும் தீமை மிகும் இடத்திலேயே வலுப்பெறும். அந்த நன்மையை எடைபோட ஒரு முன்மாதிரி உண்டு: 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மருத்துவத்தையும் கணிதத்தையும் ‘பர்ளு கிஃபாயா’ என வகுத்தார். சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்குவதும், ஒருவரும் நிறைவேற்றாவிடின் சமூகம் முழுவதும் குற்றத்துக்குள்ளாவதுமான கடமை அது.

நிதியியலும் இவ்வகைக் கடமையே என்பதை நடைமுறை உடன்படிக்கைகள் காட்டுகின்றன. முழு விலையையும் முன்னரே கொடுத்து, பொருளின் வகை, அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்து, பொருளைப் பின்னர் பெறும் ‘ஸலம்’ விற்பனை, பெரும்போகத்துக்கு விதைக்கும் விவசாயிக்கு வட்டியில்லா முதலைத் தரவல்லது. விலையையும் பிற்போட்டால் அது கடனுக்குக் கடன் விற்பதாகிச் செல்லாததாகும். நாணயத்துக்கு நாணயம் மாற்றும் ‘ஸர்ஃப்’ உடனுக்குடன் கைமாற வேண்டுமாதலால், எதிர்காலத் திகதியில் இரு நாணயங்களையும் பரிமாற இன்றே விகிதத்தை உறுதிசெய்யும் முன்னோக்கிய ஒப்பந்தம் சிக்கலுக்குரியதாகின்றது. ஒரு பொருளைத் தவணைக்கு வாங்கி, உடனே மூன்றாமவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறும் ‘தவர்ருக்’ முறையை வங்கிகளே ஏற்பாடு செய்து நடத்துவதைச் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2009இல் தடுத்தது. விற்பனையின் வடிவத்துக்குள் கடனின் பொருள் மறைந்திருப்பதைக் கண்டறிய, வங்கி நடைமுறையையும் ‘ஃபிக்ஹ்’ எனும் மார்க்கச் சட்டத்தையும் ஒருங்கே கற்றவரே வேண்டும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளித்ததன் பின்னர், 2011இல் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. இக்கரையோரத்து ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இஸ்லாமியக் கற்கைகள் பீடமும் முகாமைத்துவ, வர்த்தக பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன. இவ்விரு துறைகளும் இணையாவிடின், வட்டியின் இலக்கணம் அறியாத மார்க்க அறிஞராகிய உலமா, நிறுவனம் சூட்டிய பெயரை நம்பியே தீர்ப்பளிக்க நேரும். ஃபிக்ஹ் அறியாத நிதியியலாளர், பழைய கடனுக்குப் புதுப் பெயர் சூட்டுவதோடு அமைந்துவிடுவார். ஆகவே, வட்டி உடன்படிக்கையை எழுதுவது தடுக்கப்பட்டதாயினும், அதனைக் கற்றறிவது ஆகுமானது மட்டுமன்று. அதனைக் கற்றோர் இல்லாத ஊருக்குக் கூட்டுக் கடமையுமாகும்.