முதுமையை நோக்குதல்

யாக்கை நிலையற்றது என்பது நம் சமயம் உணர்த்தும் உண்மை. அவ்வாறாயின், தளர்ந்த ஓர் உடலை அக்கறையோடு நோக்குவதில் என்ன பயன்?

ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் பிறந்த ஓவியர் அல்பிரெக்ட் டூரர், 1521 ஆம் ஆண்டில், இன்று பெல்ஜியத்திலுள்ள அன்ட்வேர்ப் நகரில் முதியவர் ஒருவரை எதிரே இருத்தி, தூரிகையும் மையும் கொண்டு வரைந்தார். அச்சித்திரம் வியன்னாவின் அல்பேர்ட்டினா நூதனசாலையில் உள்ளது. தாழ்ந்த இமை, நெற்றிச் சுருக்கம், சுருண்டு இறங்கும் தாடி எதையும் அவர் விட்டுவிடவில்லை. முதியவருக்கு வயது 93, நல்ல தேகசுகத்தோடு இருந்தார் என்ற குறிப்பையும் அதிலேயே எழுதினார்.

அதே ஆண்டில், அம்முகத்தை மாதிரியாகக் கொண்டு கிறிஸ்தவ முனிவர் ஜெரோமை வர்ணத்தில் தீட்டினார். அதில் முனிவரின் விரல் ஒரு மண்டையோட்டைச் சுட்டுகிறது. அது நிலையாமைப் பாடம். முதற் சித்திரத்திலோ மண்டையோடு இல்லை. அங்கே முதியவர் எந்தப் பாடத்துக்கும் உதாரணம் அல்லர். அவர் அவராகவே இருக்கிறார்.

நிலையாமையை நம் உடலைக் குறித்து எண்ணினால் அகந்தை குறையும். அதையே பிறர் முதுமைக்குப் பொருத்தி, “இனி என்ன இருக்கிறது” என்று ஒதுக்கினால், அது ஞானமன்று, அலட்சியம். தனு, கரணம், புவனம், போகம் நான்கும் இறைவன் உயிருக்கு அளித்தவை என்பது சித்தாந்தம். முதிர்ந்த உடலோ அக்கொடையை நெடுநாள் தாங்கிய உடல்.

திருவிழாக் கூட்டத்தில் மண்டபத் தூணோடு சாய்ந்திருக்கும் முதியவரின் அருகில் சற்று அமர்ந்து, முகம் பார்த்துப் பேசுவோம். அதுவும் வழிபாடே.