பிடிவாதமும் பாரமும்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் உபவாச ஜெபத்துக்கு மைக் செட் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. காசு வாங்கமாட்டார், ஆத்தும பாரம் அப்படி. ஆனால் குழாய் ஸ்பீக்கரைத் தெருப்பக்கமே திருப்பிவைப்பார்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்துட்டு அசந்து தூங்குறாங்க, அண்ணாச்சி" என்றால், "வசனம் காதுல விழட்டுமே, தம்பி" என்பார்.

'இனி வராதீங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போஸ்தலர் 15-ம் அதிகாரம் என்னைத் தடுத்தது. மாற்கு வேண்டாமென்றார் பவுல். பர்னபாவோ அவனைச் சீப்புருதீவுக்குக் கூட்டிப்போனார். பிற்காலத்தில் பவுலே மாற்குவை அழைத்துவரச் சொல்லி எழுதினார் (2 தீமோ. 4:11).

ஸ்பீக்கரை நானே உட்பக்கம் திருப்பினேன்; அண்ணாச்சியை அனுப்பவில்லை. அயலானுக்காகத் தடுப்பதும் அன்பு, சகோதரனைத் தாங்குவதும் அன்பு. அவர் முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வெள்ளி, எனக்கு முந்தியே வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தார்.