ஒரு சிடுசிடுப்பின் நிலைக்களன்

ஜவுளிக்கடையில் மாலை ஏழு மணி. பிரித்துக் காட்டிய சேலைகளை ஒரு பெண் ஊழியர் மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறார். உடல் பாரம் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறுகிறது. சற்று நேரத்தில் மீண்டும் வலது காலுக்கு. "வேற கலர் காட்டும்மா" என்றவரிடம், "எல்லாம் இதுலயே இருக்கு, பாருங்க" என்கிறார், முகம் நிமிராமல். வந்தவர் படியிறங்கும்போது முணுமுணுக்கிறார்: "என்ன திமிர் பாரு."

நடந்ததைக் குணமாக்கிவிட மூன்று சொல் போதும். பிறர் செயலுக்குச் சூழலை விட்டுவிட்டு இயல்பையே காரணமாகச் சொல்லும் இந்தப் பழக்கத்தை, மனித மனத்தின் அடிப்படைப் பிழை என்றே உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் குறிப்பிட்டார். அப்படியானால் கருணையும் கோபமும் யாருடையவை? மனிதருடையவையா, அவர் நிற்கும் இடத்தினுடையவையா?

இந்தக் கேள்வியை மத போதகர்களாகப் பயின்றுகொண்டிருந்தவர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும். முடிவுகள் 1973-இல் வெளிவந்தன. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, விவிலியக் கதையின் நல்ல சமாரியன். போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடந்தார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடுதான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனதால் பெரிய வேறுபாடு எதுவும் வரவில்லை.

ஆனால் நிற்காமல் போனவர்களில் பலர் அடுத்த கட்டடத்தை அடைந்தபோது கலங்கிப்போயிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருணை வற்றிவிடவில்லை, கால் ஊன்ற அதற்கு இடம் கிடைக்கவில்லை.

தொல்காப்பியர் கண்டதும் இந்த இடத்தைத்தான். பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல், உடம்பில் தெரியும் உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களைச் சொல்கிறது. அவற்றையே நிலைக்களன் என்கிறோம். அழுகைக்குக் காரணமாக மென்மனம் என்று அவர் எழுதவில்லை. இழப்பையும் வறுமையையும் சொல்கிறார். அச்சம் எழும் இடங்களில் விலங்கும் கள்வரும் இருக்கும் வரிசையிலேயே, தனக்கு மேலிருக்கும் தலைவரையும் வைக்கிறார். மேலாளரின் அறைக்கதவைத் தட்டும் முன் ஒருமுறை மூச்சை இழுத்துவிடும் எவருக்கும் அது விளங்கும்.

இடமே காரணம் என்றால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? இங்கேதான் வள்ளுவர் துணைக்கு வருகிறார். திருக்குறளின் 31-ஆம் அதிகாரமான வெகுளாமை, தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவரைப் பேசித்தான் தொடங்குகிறது. செல்லுபடியாகாத இடத்தில் அடங்குவது அவருக்குப் பெரிதல்ல. அதாவது, எவரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவரிடம்தான் கூடுதல் பொறுப்பும் இருக்கிறது. ஊழியரின் முகச்சுளிப்பைத் திருத்தும் முன், அது பிறந்த இடத்தைத் திருத்தக்கூடியவர் முதலாளி.

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியே இதைத்தான் கேட்டார்கள்: உட்கார இடம், கழிப்பறைக்குப் போக நேரம். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. திமிர் என்று பெயர் வாங்கிய எத்தனையோ சிடுசிடுப்புகள் குதிகால் வலியில் பிறந்தவை என்பதைச் சட்டமே ஏட்டில் ஏற்றுக்கொண்டதாக அதைப் படிக்கலாம்.

படியிறங்கியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், மேசைக்குப் பின்னால் முக்காலி ஒன்று இருக்கிறதா என்பது தெரிந்திருக்கும். அந்தப் பெண் இப்போது இடது காலில் நிற்கிறார். கடை அடைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.