விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனிப் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் வைத்தால், இரவு பத்து மணி வாக்கில் மேடைக்கு முதலில் வந்து உட்காருகிறவர்கள் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பலவகைத் தாளக்கருவிகளைச் சேர்த்து ‘ஆல்ரவுண்ட்’ வாசிப்பவரும் தாளக்காரரும்தான். பபூன் வருவார், போவார். ராஜபார்ட் ஒரு பாட்டை முடித்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பார். நாரதர் நடுச்சாமத்தில் வந்து வள்ளியோடு தர்க்கம் பேசிவிட்டுப் போவார். பக்கவாத்தியக்காரர்களுக்கு அப்படி உள்ளே போக வழியில்லை. மங்களம் பாடும்வரை அவர்கள் இடம் அதுதான். ஊர் ஊராக அலைகிறவர்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவர்கள்தான் அந்த இரவு முழுக்க அந்த ஊரில் அசையாமல் இருக்கிறார்கள். எது அலைச்சல், எது நிலைத்த வாழ்வு என்று யோசிக்க இந்த மேடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அலைச்சலிலும் வகைகள் உண்டு. மேலை நாட்டு சிம்பனி இசைக்குழு ஒன்று பயணம் போனால் அந்த நிறுவனமே பெயர்ந்து போகிறது. நடத்துநர், எழுதிய இசைத்தாள், ஒத்திகை எல்லாம் கூடவே போகும். மதுரையிலும் ஒரு காலத்தில் அதைப் போன்ற ஏற்பாடு இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய பாய்ஸ் கம்பெனிகள் பையன்களையும் வாத்தியாரையும் சீன் திரைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஊர் ஊராகப் போய் நாட்கணக்கில் தங்கின. ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர் எதிர். ஒவ்வொருவரும் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கித் தேதி கொடுக்கிறார்கள். ஒருவர் மதுரையிலிருந்தும் மற்றொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. ஸ்திரீபார்ட்டின் சுருதி எத்தனை கட்டை என்பதை ஆர்மோனியக்காரர் முதல் அடியிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பாடுகிறவர் எங்கே நிறுத்துவார், எங்கே வசனத்துக்குத் தாவுவார் என்பதை மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தே கணிக்க வேண்டும். நேற்றுவரை பழகாதவர்கள் எட்டு மணி நேரம் ஒன்றாக வாசிப்பதற்குக் காரணம், எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்திருப்பதுதான். அந்தப் பாடத்தை எழுதிய சுவாமிகள் 1922ல் மறைந்தார். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் நூறு ஆண்டு கடந்தும் இந்த அலைகிறவர்களின் நெஞ்சில்தான் உயிரோடு இருக்கின்றன.

ஆகவே வேரில்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது பிழை. நமக்கு வேர் வீட்டு மனையில் இருக்கிறது, இவர்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. கோபம் வந்தால் நம் ஊரில் வாயில் வரும் வசவுகளில் ஒன்று ‘கூத்தாடி’. ஒரே இடத்தில் இருப்பதே ஒழுக்கம், நடமாடுவது ஒழுக்கக்கேடு என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் ஊரைச் சுமக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். மதுரை சோமு, மதுரை மணி ஐயர் என்று பாட்டுக்காரர்கள்தான் அப்படி அழைக்கப்பட்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரைதான். 1963ல் எடின்பரோவுக்கும் 1966ல் ஐக்கிய நாடுகள் சபைக்கும் அவரோடு அந்த எழுத்து போனது. ஊரிலேயே இருக்கிறவனுக்கு ஊரைச் சொல்லிக்கொள்ளும் தேவை இல்லை. வெளியே போகிறவர்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

இது வெளியிலிருந்து பார்ப்பவரின் மயக்கம், தூக்கம் கெட்டு வயிற்றுக்கு அலைகிறவர்களின் வலி உனக்குத் தெரியாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. குடும்பம் விழித்திருக்கும் பகலில் உறங்கி, குடும்பம் உறங்கும் இரவில் வாசிக்கும் வாழ்க்கை உடம்பையும் உறவையும் தேய்க்கும். 1772ல் எஸ்டர்ஹாசி பிரபுவின் கோடை மாளிகையில் குடும்பத்தைப் பிரிந்து வாடிய இசைக்கலைஞர்களுக்காக இசையமைப்பாளர் ஹைடன் ஒரு சிம்பனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் இசையிலேயே சொல்ல முடிந்தது. நம் மிருதங்கக்காரர் பாதியில் எழுந்து போக எந்த நாடகத்திலும் இடமில்லை. ஆனாலும், சாலைதான் இவர்களைத் துன்புறுத்துகிறது என்றால் 2020 அவர்களுக்கு நல்ல ஆண்டாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று வருடச் சாப்பாட்டுக்குச் சம்பாதிக்கும் மாதங்கள் முழுக்க எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் விழாவே நடக்கவில்லை. ஆர்மோனியப் பெட்டி மூடியே கிடந்தது. பல வீடுகளில் அதைவிடக் கொடிய காலம் இருந்ததில்லை. சீசனை விட்டால் வேறு வருமானம் இல்லாததும், முதுமைக்கும் நோய்க்கும் பிடிமானம் இல்லாததும்தான் உண்மையான துன்பம். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007லேயே வந்துவிட்டது. ஆனாலும் தேதி இல்லாத மாதங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இந்தத் துன்பத்தைச் சாலையின் தலையில் கட்டுவது, ஒரே இடத்தில் இருக்கும் நமக்கு வசதியாக இருக்கிறது.

திறமை உள்ளவன் சினிமாவுக்குப் போய்விடுகிறான், சாலையில் மிஞ்சுகிறவன் வழியில்லாதவன் என்றும் சொல்வார்கள். பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்து ஊர். அங்கிருந்து இளையராஜா தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளுக்காக மேடை மேடையாக அலைந்த பிறகே 1976ல் ‘அன்னக்கிளி’ வந்தது. விதவிதமான கூட்டத்துக்கும் குரலுக்கும் ஏற்ப உடனே வாசிக்கும் பழக்கம் சாலையில்தான் வரும். போனவரை வைத்துத் தங்கியவரை எடை போடுவது, விதையைப் பாராட்டி நிலத்தைப் பழிப்பது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. அந்த முப்பது ஆண்டும் நாடக மேடை அந்தப் பெட்டியைக் கைவிடவில்லை. பெரிய நிறுவனங்கள் ஒதுக்கியதைக் காப்பாற்றியவர்களிடம் நாம் திறமைக்குச் சான்றிதழ் கேட்கக் கூடாது. இப்போது சினிமாப் பாட்டு கேட்டால்தான் கூட்டம் உட்காருகிறது என்ற குறையும் உண்மைதான். அந்தக் குறையில் பாதி, பாட்டைக் கேட்டு வாங்குகிற நம்முடையது.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, நத்தம், சிங்கம்புணரி என்று நாடகம் வைக்கும் ஊர்களின் விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைக்கட்டு வரி பிரிக்கும்போதே பக்கவாத்தியக்காரர்களுக்கும் ராஜபார்ட்டுக்குக் கொடுக்கும் மரியாதையோடு தொகை பேசுங்கள்; மேடை ஏறுமுன் சோறு போடுங்கள்; கணக்கை விடியற்காலையில் இழுத்தடிக்காமல் முதல் பஸ்ஸுக்குள் முடித்துவிடுங்கள். பார்க்க வருகிறவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பபூன் காமெடி முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். மங்களம் பாடும்வரை இருங்கள்.